என் தொகையறாவை அவள் பாடிய நாள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கோடையில், ஆவடிப் பக்கத்துத் தேவாலயம் ஒன்றின் பாடகர் குழு ஜெர்மனிக்குப் போய்வந்தது. அந்தக் குழுவில் நானும் இருந்தேன். ஆற்றங்கரைப் புல்வெளியில் நான்கு நாள் நடக்கும் இசை விழா அது. பல நாடுகளிலிருந்து வரும் குழுக்கள் கூடாரங்களில் தங்கி, திறந்தவெளி மேடைகளில் மாறி மாறிப் பாடும். எங்கள் சபையோடு நட்புக் கொண்டிருந்த அந்நாட்டுச் சபை ஒன்று எங்களை அழைத்திருந்தது. இன்றும் யாராவது, "வெளிநாட்டுல போய்ப் பாடினீங்களாமே?" என்று கேட்டால், ஆமாம் என்றுதான் சொல்கிறேன். பாடினேன்தான். ஆனால் எதைப் பாடப் போனேனோ அதைப் பாடவில்லை.

எங்கள் குழுவை நடத்தியவரை நாங்கள் மாஸ்டர் என்று அழைப்போம். ஆவடியில் இருந்த படைத்தளவாடத் தொழிற்சாலையில் வரைபடப் பிரிவில் வேலை; ஞாயிற்றுக்கிழமைகளில் ஆர்மோனியம். கோடு கிழிப்பதுபோலவே பாட்டையும் சொல்லிக்கொடுப்பார். ஒரு நூலிழை பிசகக் கூடாது. விழாவுக்கென்று அவர் புதிதாக ஒரு தமிழ்ப் பாட்டுக்கு மெட்டமைத்தார். பாட்டு தொடங்குமுன் தாளமில்லாமல் நான்கு வரித் தொகையறா. அதை ஒரே ஒரு குரல் பாட வேண்டும். மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு சுருதியை மட்டும் முனகித் தாங்க வேண்டும்.

அந்த ஒற்றைக் குரல் என்னுடையது என்று அவர் சொன்னபோது நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். வேறு யாரையோ சொல்கிறார் என்றே நினைத்தேன். பல ஆண்டுகளாக இரண்டாம் வரிசையில் நின்று கீழ்க்குரல் பாடியவள் நான். முன்வரிசைப் பெண்களின் கொண்டைகளைப் பார்த்தபடியே என் பாட்டு வாழ்வு கழிந்திருந்தது.

"உங்களத்தான் சிஸ்டர்," என்றார் மாஸ்டர். "ஸ்கூல்ல தமிழ் நடத்துறீங்க. ஒவ்வொரு சொல்லும் தெளிவா விழணும். குரல் பெருசா இருக்கணும்னு அவசியமில்ல."

எனக்கு ஒரு குறை உண்டு. சிறுவயதில் இருந்த இளைப்பு நோயின் மிச்சமாக மூச்சு கொஞ்சம் குட்டை. தொகையறாவின் மூன்றாவது வரி நீண்டது: 'விடியாத திசையெல்லாம் விளக்கேற்றும் கரமே.' அதை ஒரே மூச்சில் முடிக்க என்னால் ஆகாது. 'விளக்கேற்றும்' என்ற சொல்லின் நடுவில், 'விளக்' என்று ஒரு கணம் நின்று, யாரும் அறியாமல் ஒரு வாய் காற்றை விழுங்கிக்கொண்டு மேலே போவேன். சொல்லை உடைப்பது தவறு. மாஸ்டர் அதைக் கவனித்தார். பிறகு, "இருக்கட்டும், அழகாத்தான் இருக்கு," என்று விட்டுவிட்டார்.

என் தோழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் தொழிற்சாலைக் குடியிருப்பில், நான் குடியிருந்த தெருவுக்கு அடுத்த வரிசையில் இருந்தாள். திருநெல்வேலிச் சீமைக்காரி. கணவருக்கு வேலை மாற்றலாகும்போதெல்லாம் வடக்கே ஜபல்பூர், டேராடூன் என்று அலைந்து, ஆவடிக்கு வந்து சேர்ந்திருந்தாள். குழுவில் முன்வரிசை மேல்குரல். நெஞ்சு நிறையக் காற்றுள்ள குரல். ஒரு முழு வரியைப் பாடி முடித்துவிட்டு, அதே மூச்சில் பக்கத்திலிருப்பவளை ஒரு கேலியும் செய்வாள். எனக்கு உடன்பிறந்தவர் இல்லை. அந்த இடத்தில் அவளைத்தான் வைத்திருந்தேன்.

பயணம் உறுதியானதும் அவள்தான் எல்லோருக்கும் கம்பளி ஆடை சேர்த்தாள். வடக்கே இருந்துவிட்டு வந்த குடும்பங்களின் டிரங்குப் பெட்டிகளில் ஸ்வெட்டர்களும் குரங்குக் குல்லாக்களும் அந்துருண்டை வாசத்தோடு உறங்கிக்கொண்டிருந்தன. வீடு வீடாகப் போய் அவற்றை எழுப்பிக் கொண்டுவந்தாள். தன் கணவரின் பச்சை ஸ்வெட்டரை எனக்குத் தந்தாள்.

மாலைகளில் அவள் வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்திருப்போம். கொடியிலிருந்து துணிகளை எடுத்து மடித்துக்கொண்டே கேட்பாள்.

"ஏட்டி, அந்தத் தொகையறாவ ஒருக்காப் பாடேன்."

"நேத்துதானே பாடினேன்?"

"நேத்து சாப்பிட்டேன்னு இன்னிக்குச் சாப்பிடாம இருக்கனா? பாடு பிள்ள. கேட்டுக்கிட்டே மடிச்சா கைவலி தெரியாது."

நான் பாடுவேன். என் வாழ்நாளில் ஆசைப்பட்டு என்னைப் பாடச் சொல்லிக் கேட்ட முதல் ஆள் அவள்தான். அந்த மகிழ்ச்சியில், எந்த இடத்தில் குரலைச் சாய்க்கிறேன், எந்த எழுத்தைத் தடவிக்கொண்டு போகிறேன் என்றெல்லாம் விளக்கவும் செய்தேன். வகுப்பில் பாடம் நடத்துகிறவளின் பழக்கம் அது. கேட்கும் முகம் ஒன்று கிடைத்தால் நிறுத்தத் தெரியாது.

அந்த நாள்களில் அவளுக்குப் பல்வலி வந்தது.

"கடவாப்பல்லு கொல்லுதுட்டி. குமணன்சாவடில ஒரு பல் டாக்டரு இருக்காராம். சனிக்கிழமை சனிக்கிழமை வரச் சொல்லுதாரு. பிள்ளையக் கொஞ்சம் பாத்துக்கிடுதியா?"

"இதெல்லாம் கேக்கணுமா? விட்டுட்டுப் போ."

சனிக்கிழமை மாலைகளில் அவள் மகள் என் வீட்டில் இருந்தாள். பல் வைத்தியம் முடிந்து, பூந்தமல்லிச் சாலையின் புழுதியோடு திரும்பும் தோழிக்காக, சோற்றைக் குழைய வடித்து ரசம் ஊற்றிப் பிசைந்து வைத்திருப்பேன். கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு சாப்பிடுவாள்.

ஜெர்மனியில் நாங்கள் இறங்கிய நாளிலிருந்து தூறல். கோடைக்காலம் என்று சொல்லித்தான் அழைத்திருந்தார்கள். புல்வெளி முழுவதும் கூடாரங்கள். அவற்றுக்கு நடுவே வைக்கோல் பரப்பிய பாதைகள். எந்தப் பக்கம் காது கொடுத்தாலும் ஏதோ ஒரு மொழியில் யாரோ பாடினார்கள். சாப்பாட்டுக் கூடாரத்தில் கறுப்பு ரொட்டியும் உருளைக்கிழங்கு சூப்பும் தந்தார்கள். எங்கள் மேசையில் எலுமிச்சை ஊறுகாய் பாட்டில் கையிலிருந்து கைக்குப் போய்க்கொண்டே இருந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கடைசல் வேலை செய்யும் அடிக்குரல்காரர் ஒருவர், முதல் நாள் காலைப் பயிற்சியிலேயே எல்லோரையும் சிரிக்க வைத்தார்.

"இன்னா மாஸ்டர் இது, வாயத் தொறந்தா பாட்டுக்கு முன்னாடி பொக வருது! கேக்கறவன் இன்னா நெனைப்பான்? பீடி புட்ச்சிகினே பாட வந்துகிறானுங்கன்னுதான் நெனைப்பான்."

இரண்டாம் நாள் மாலை எங்கள் முறை. அன்று விடியற்காலையிலேயே விழிப்பு வந்துவிட்டது. பக்கத்துப் படுக்கையில் தோழி இல்லை. முகம் கழுவப் போனேன். குளியல் கூடாரங்களுக்குப் பின்னால் ஆற்றை ஒட்டி ஒரு மரவேலி; அதன் மறுபக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. என் தொகையறா. என் தோழியின் குரல்.

முதலில் மகிழ்ச்சிதான் வந்தது. தனியாக இருக்கும்போது அவள் வாயில் என் பாட்டு வருகிறதே என்று. நான் சாய்க்கும் இடத்தில் அவளும் குரலைச் சாய்த்தாள். நான் தடவும் எழுத்தை அவளும் தடவினாள். பிறகு மூன்றாவது வரி வந்தது. 'விளக்' என்று நின்று, ஒரு வாய் காற்றை விழுங்கிக்கொண்டு, மேலே போனாள்.

அவளுக்கு அந்த மூச்சு தேவையில்லை. அந்த வரியை இரண்டு முறை பாடும் அளவுக்குக் காற்று அவள் நெஞ்சில் இருந்தது. வெறுமனே கேட்டுப் பழகிய பாட்டை முணுமுணுப்பவள், என் குறையை இத்தனை துல்லியமாகப் பாட மாட்டாள். குறையும் பாட்டின் பகுதி என்று எண்ணி, உட்கார்ந்து, திரும்பத் திரும்பப் பயின்ற ஒருத்தியால்தான் அது முடியும். வேலியின் இந்தப் பக்கம் ஈரத் துண்டோடு நான் நின்றேன். அவள் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள்.

நான் அவளைக் கேட்கவில்லை. அவளாகவே சொல்லட்டும் என்று காத்திருந்தேன். சொல்வதற்கு ஒரு முழுப் பகல் இருந்தது. காலையில் என் ரொட்டியில் அவள்தான் வெண்ணெய் தடவித் தந்தாள். நண்பகலில் என் பின்னால் உட்கார்ந்து தலை வாரிப் பின்னிவிட்டாள். "ஈரத் தலையோட நிக்காத. தொண்டை கட்டிக்கிடும்," என்றாள். அவள் விரல்கள் என் தலையில் எப்போதும்போல மென்மையாகத்தான் இருந்தன. அந்த மென்மைதான் என்னைக் குழப்பியது. வேலிக்குப் பின்னால் கேட்டதற்கு நானே வேறு காரணங்கள் தேடத் தொடங்கினேன்.

மேடையேறும் நேரம் வந்தது. எங்கள் தேவாலயத்தில் பாடகர் குழு செருப்போடு நிற்பதில்லை. யாரும் சொல்லாமலே படியின் கீழே வரிசையாகக் கழற்றி வைத்துவிட்டு, நனைந்த மேடைப் பலகையில் வெறுங்காலோடு ஏறினோம். எதிரே குடைகளும் மழைச்சட்டைகளுமாக ஒரு பெருங்கூட்டம். மாஸ்டர் கையை உயர்த்தினார். அவர் கண்கள் என்னைத் தாண்டிப் போயின. அவர் தலையசைத்தது என் தோழியை நோக்கி. அவள் ஓரடி முன்னால் வந்தாள். அவளுக்கு வழிவிட வேண்டியிருந்ததால், நான் ஓரடி பின்னால் போனேன்.

சுருதி எழுந்தது. என் வாயும் மூடிக்கொண்டது. தொண்டை தானாகவே முனகத் தொடங்கியது. அவள் பாடினாள். நன்றாகவே பாடினாள்; அதை நான் ஒருபோதும் மறுத்ததில்லை. மழையில் நின்ற கூட்டம் அசையாமல் கேட்டது. மூன்றாவது வரியில், சொல்லின் நடுவே, என் மூச்சை அவள் வாங்கினாள். அந்த ஓர் இடைவெளியில் என் முனகல் தனியாக என் காதில் விழுந்தது.

கைதட்டல் ஓய்ந்து கீழே இறங்கினால் ஒரு செருப்புகூட இல்லை. இத்தனை காலணிகளை யாரோ மழையில் தொலைத்துவிட்டார்கள் என்று விழாத் தொண்டர்கள் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய், தொலைந்த பொருள்களுக்கான கூடாரத்தில் கொட்டியிருந்தார்கள்.

"நம்மூர்ல கல்யாண மண்டபத்துலகூட இப்டி மொத்தமா அட்ச்சிகினு போவ மாட்டானுங்க, நைனா," என்றார் அடிக்குரல்காரர், சேற்றில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டு. "எனுக்கு ஒண்ணாவது உட்டு வெச்சிருக்கலாம்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். வைக்கோல் பாதையில் வெறுங்காலோடு ஊர்வலமாகப் போனோம். அவரவர் ஜோடியைக் கண்டெடுத்து ஒவ்வொருவராக வெளியேறினார்கள். தோழியின் ஒரு செருப்பு மட்டும் கிடைக்கவில்லை. அவளும் நானும் மாஸ்டரும் மட்டும் மிஞ்சினோம். மாஸ்டர் தம் ஷூவுக்குள் நனைந்து கிடந்த சாக்ஸைப் பிழிந்துகொண்டே என்னிடம் சொன்னார்:

"உங்க மனசு யாருக்கும் வராது சிஸ்டர். மேடைன்னா உங்களுக்குப் பயமா இருக்கு, நேர்ல சொல்ல வெக்கப்படுறீங்கன்னு இவங்க வந்து சொன்னப்ப எனக்கு வருத்தம்தான். மத்தவங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு நீங்க கேட்டுக்கிட்டதால, பிராக்டிஸ்ல உங்களையே பாட விட்டேன். சனிக்கிழமை சனிக்கிழமை இவங்க காட்டுப்பாக்கம் வரைக்கும் நம்ம வீட்டுக்கு வந்து பழகினாங்க. நீங்களே சொல்லிக் கொடுத்து அனுப்பினீங்களாமே. பெரிய மனசு."

அவர் போய்விட்டார். தோழி குனிந்து, பிறர் தொலைத்த குடைகளுக்கும் தொப்பிகளுக்கும் இடையே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு மேடைன்னா பயமா?" என்று கேட்டேன்.

"வேற என்னத்தட்டி சொல்ல? ஒன் குரலு சரியில்லன்னா அவரு நம்புவாரா?"

"அப்ப பல்லு?"

"பல்லுக்கு ஒண்ணுமில்ல."

"வாராவாரம் குழைய வடிச்சுப் போட்டேனே."

"சாப்பிட்டேன்லா," என்றாள், நிமிராமலே. "நல்லாத்தான் இருந்துச்சு."

சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம் அது. இருவர் உதடுகளும் ஒரு கணம் அசைந்தன. வரவில்லை.

"என்கிட்டக் கேட்டிருந்தா குடுத்திருப்பேனே," என்றேன்.

அவள் அப்போதுதான் நிமிர்ந்தாள். முகம் சிவந்திருந்தது.

"அதாம்ட்டி. நீ குடுத்துருவ. பெறகு ஊரெல்லாம் சொல்லும், அவ பெரிய மனசு பண்ணிக் குடுத்தா, இவ வாங்கிப் பாடுனான்னு. நான் போற எடத்துல எல்லாம் அடுத்தவ விட்டுட்டுப் போன கட்டிலு, அடுத்தவ கட்டுன கொடி. இதுவும் நீ குடுத்ததாவா இருக்கணும்? அவுகளுக்கு மாத்தல் வந்தாச்சு. ஊருக்குப் போனதும் கெளம்பணும். ஒனக்குக் கோயிலு இருக்கு, மாஸ்டர் இருக்காரு, அடுத்த பாட்டு இருக்கு. எனக்கு இது ஒண்ணுதான்."

அவள் சொன்னதில் உண்மை இருந்தது. அந்த உண்மையை என்னால் புரிந்துகொள்ள முடிந்ததுதான் எனக்கு வேதனை. வெறும் பொறாமைக்காரியாக இருந்திருந்தால், அவளை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

"பாட்ட எடுத்துக்கிட்டது இருக்கட்டும்," என்றேன். "எனக்குப் பயம்னு சொன்ன பாரு, அத மட்டும் மாஸ்டர்கிட்ட மாத்திச் சொல்லிட்டுப் போ. அந்தப் பேரோட நான் அந்தக் குழுவுல நிக்க முடியாது."

"சொல்லுதேன். கண்டிப்பாச் சொல்லுதேன்."

விழாவின் மீதி நாள்களைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. மழை விட்டது. எத்தனையோ நாட்டுப் பாட்டுகளைக் கேட்டேன். கடைசி நாளில் எல்லாக் குழுக்களும் சேர்ந்து பாடியபோது, அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். நானும் விலகவில்லை.

ஊர் திரும்பியதும் தேவாலயத்தில் நன்றி ஆராதனை வைத்தார்கள். போதகர் பிரசங்கத்தின் நடுவே, மேடைக்கு அஞ்சினாலும் தன் இடத்தைச் சகோதரிக்கு மனமுவந்து விட்டுக்கொடுத்த ஓர் ஆசிரியையைப் பற்றிச் சொன்னார். வரிசை வரிசையாகத் தலைகள் திரும்பி என்னைப் பார்த்துப் புன்னகைத்தன. மாஸ்டர் நல்ல எண்ணத்தில் அவரிடம் சொல்லியிருப்பார். தோழி எனக்கு முன்னால் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தாள். அவள் மட்டும் திரும்பவில்லை. முக்காட்டின் ஓரத்தை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

அடுத்த வாரம் அவள் வீட்டு வாசலில் லாரி நின்றது. பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றி அடுக்க நான் போயிருந்தேன். போகாமல் இருக்க முடியவில்லை. அவள் மகள் காலையிலிருந்து என் புடவையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். பெட்டிகளையும் பீரோவையும் ஏற்றி, தார்ப்பாய் கட்டும்போது நான் மெல்லக் கேட்டேன்.

"மாஸ்டர்கிட்டச் சொல்லிட்டியா?"

"சொல்லியாச்சுட்டி. நேத்தே சொல்லிட்டேன்." என் கையைப் பிடித்தாள். "அவரு ஒண்ணும் தப்பா எடுத்துக்கிடல. எம்மேல கோவமா இருக்கியா?"

"இல்ல," என்றேன்.

அது உண்மையாகவும் இருந்தது. அந்த ஒரு வாக்கியத்தில் என் மனம் அவளிடம் முழுதாகத் திரும்பிப் போயிருந்தது. அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். பச்சை ஸ்வெட்டரைத் திருப்பிக் கொடுத்தபோது, "நீயே வச்சிக்கோ," என்றாள். லாரி திரும்பி மறையும்வரை அங்கேயே நின்றேன்.

கிறிஸ்துமஸ் பாட்டுகளுக்கான பயிற்சி, மழைக்காலத்தில் தொடங்கியது. அந்த ஆண்டு ஒரு பாட்டில் தனிக்குரல் பகுதி இருந்தது. கீழ்ச் சுருதி, என் குரலுக்கென்றே அமைந்ததுபோல இருந்தது. மாஸ்டர் அதை, குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த செவிலியர் ஒருவரிடம் கொடுத்தார். பயிற்சி இடைவேளையில் நான் அவரிடம் போனேன். வாழ்க்கையில் எனக்கென்று எதையும் கேட்டுப் பழகாதவள், அன்று கேட்டேன்.

"மாஸ்டர், எனக்கு மேடை பயம் கிடையாது. அவங்க ஊருக்குப் போறதுக்கு முன்னாடி உங்ககிட்டச் சொன்னாங்கள்ல?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவங்களா? போறப்ப என்னை வந்து பாக்கவே இல்லியே சிஸ்டர். அவசரத்துல கெளம்பிட்டாங்கபோல."

ஆர்மோனியத்தின் மேல் சரிந்திருந்த பாட்டுத்தாள்களை எடுத்து அடுக்கி அவரிடம் கொடுத்தேன். பிறகு, "நான் பயம்னு யாருகிட்டயும் சொல்லல மாஸ்டர்," என்றேன். குரல் நடுங்கியது. எதனால் நடுங்கியது என்று எனக்குத் தெரியும். அவர் வேறு விதமாகப் புரிந்துகொண்டார்.

"பரவால்ல சிஸ்டர்," என்றார், ஒரு குழந்தையிடம் பேசுவதுபோல. "பயம் இருக்கறவங்க யாரு அத வாய்விட்டுச் சொல்வாங்க? நீங்க மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க. இனிமே உங்களச் சிரமப்படுத்தவே மாட்டேன்."

அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். நான் அந்தக் குழுவில் இருந்த கடைசி ஆண்டு வரைக்கும் காப்பாற்றினார்.